செவ்வகத்தின் விடுபட்ட முனைகளுக்கு விடை ஒன்றுதானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான ஒன்பதாம் வகுப்புக் கணித மாதிரி வினாக்களில், ஆயத்தொலை வடிவியல் பகுதியில் இடம்பெற்றிருந்த ஒரு வினாவைக் குறித்து இக்கடிதத்தை எழுதுகிறேன். 'ஒரு செவ்வகத்தின் எதிரெதிர் முனைகள் (1, 1), (7, 9) எனில் மற்ற இரு முனைகளைக் காண்க' என்பது அந்த வினா. விடைக்குறிப்பில் (1, 9), (7, 1) என்று அச்சாகியிருந்தது. அந்த விடை தவறன்று. அந்த நான்கு புள்ளிகளையும் வரிசையாக இணைத்தால் செவ்வகம் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் அது ஒன்றுதான் விடை என்று மாணவர் நம்பும்படி வினாவும் விடைக்குறிப்பும் அமைந்திருப்பது சரியல்ல. கொடுக்கப்பட்ட விவரங்களுக்குப் பொருந்தும் செவ்வகங்கள் எண்ணற்றவை. உயர்நிலைப் பள்ளியில் நெடுங்காலம் கணிதம் கற்பித்தவன் என்ற முறையில், இதை ஓர் அச்சுப்பிழையைப் போலக் கண்டும் காணாமல் விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. இதே வகை வினா பயிற்சிக் கையேடுகளிலும் அலகுத் தேர்வுத் தாள்களிலும் இதே குறையோடு திரும்பத் திரும்ப வந்துகொண்டிருப்பதால், சற்று விரிவாகவே எழுத அனுமதி வேண்டுகிறேன்.

வினாவில் விடுபட்டிருப்பது ஒரே ஒரு தொடர்தான்: 'செவ்வகத்தின் பக்கங்கள் ஆய அச்சுகளுக்கு இணையானவை' என்பது. அது இருந்திருந்தால் எந்தச் சிக்கலும் இல்லை. வினாவை எழுதியவர் அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதியிருப்பார். ஆனால் தாளைக் கையில் வாங்கும் பிள்ளைக்குத் தெரிவது தாளில் உள்ளது மட்டுமே.

அந்தத் தொடர் இல்லாதபோது என்ன நேர்கிறது என்பதை அதே எண்களைக் கொண்டே பார்க்கலாம். செவ்வகத்தின் இரு மூலைவிட்டங்களும் சமம். அவை ஒன்றையொன்று இருசமக்கூறிடும். இவ்விரண்டும் எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்குத் தெரிந்த செய்திகள். (1, 1), (7, 9) ஆகியவற்றின் நடுப்புள்ளி (4, 5). இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு, 6, 8 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்க 10. ஆகவே மற்ற மூலைவிட்டமும் 10 அலகு நீளம் கொண்டதாய், (4, 5) வழியாகச் செல்வதாய் இருந்தால் போதும். அது எந்தத் திசையில் சென்றாலும் செவ்வகம் அமைந்துவிடும். வேறுவிதமாகச் சொன்னால், (4, 5) மையமாக 5 அலகு ஆரமுள்ள வட்டத்தை வரைந்து, அதில் எந்த விட்டத்தை எடுத்துக்கொண்டாலும் அதன் இரு நுனிகளும் நாம் தேடும் முனைகளாக இருக்கத் தகுதி உடையவை. முதல் மூலைவிட்டத்தோடு பொருந்திப்போகும் அந்த ஒரு விட்டத்தை மட்டும் விலக்கிவிட வேண்டும்.

'பின்னம் வராமல் முழு எண்ணாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் ஒரே விடைதானே வரும்' என்று சிலர் கேட்கக்கூடும். அப்படியும் வராது. அந்த வட்டத்தின் மீது இரு ஆயத்தொலைவுகளும் முழு எண்களாக உள்ள புள்ளிகள் பன்னிரண்டு உள்ளன. அவற்றை விட்டங்களாக இணைத்தால் ஆறு விட்டங்கள். வினாவில் கொடுக்கப்பட்டதை நீக்கினால் மீதம் ஐந்து. அதாவது, (1, 1), (7, 9) ஆகியவற்றை எதிர் முனைகளாகக் கொண்டு, முழு எண் முனைகளோடு ஐந்து செவ்வகங்கள் வரையலாம். விடைக்குறிப்பில் கண்ட (1, 9), (7, 1) என்பது அவற்றில் ஒன்று. அதன் பரப்பு 48 சதுர அலகு. (9, 5), (−1, 5) என்று எடுத்தால் பரப்பு 40. (4, 10), (4, 0) என்று எடுத்தால் 30. (8, 8), (0, 2) என்று எடுத்தால் மிகவும் ஒடுங்கிய ஒரு செவ்வகம் கிடைக்கும். அதன் பரப்பு 14 மட்டுமே. (8, 2), (0, 8) என்று எடுத்தால் கிடைப்பது சதுரம், பரப்பு 50. மூலைவிட்டம் ஐந்திலும் 10 அலகுதான், ஆனால் பரப்போ 14 முதல் 50 வரை மாறுகிறது. சதுரமும் செவ்வகத்தின் ஒரு வகையே என்பதால் கடைசி விடையையும் யாரும் தள்ளிவிட முடியாது. (8, 2), (0, 8) என்று எழுதிய மாணவி ஒருத்தியின் விடைத்தாளை, அச்சிட்ட குறிப்பை மட்டும் வைத்துத் திருத்துபவர் என்ன செய்வார்? சிவப்பு மையால் ஒரு குறுக்குக் கோடு போடுவார். வகுப்பில் மற்றவர்களைவிட ஆழமாகச் சிந்தித்தவளுக்கு அந்தக் கோடு விழுகிறது என்பதுதான் என்னை இக்கடிதம் எழுதத் தூண்டிய காரணம்.

இதைக் கணக்குப் போட்டுக் காட்டுவதைவிடக் கையால் செய்து காட்டுவது எளிது. ஒரு சென்டிமீட்டருக்கு ஓர் அலகு என்று அளவு குறித்த வரைபடத்தாளை அட்டையின் மேல் விரித்து, (1, 1), (7, 9) ஆகிய இரு இடங்களிலும் குண்டூசியைச் செங்குத்தாகக் குத்தச் செய்வேன். பிறகு பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றின் மூலையை இரு ஊசிகளுக்கும் நடுவே நுழைத்து, பத்திரிகையின் இரு விளிம்புகளும் ஆளுக்கொரு ஊசியைத் தொட்டுக்கொண்டே இருக்கும்படி மெல்ல நகர்த்தச் சொல்வேன். மூலை நிற்கும் இடத்தில் எல்லாம் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போனால், சிறிது நேரத்தில் புள்ளிகள் வளைந்து அரைவட்டமாகி நிற்கும். மறுபக்கமிருந்து நுழைத்து நகர்த்தினால் மற்ற அரைவட்டமும் வந்துவிடும். பென்சில் வைத்த ஒவ்வொரு புள்ளியும் செவ்வகத்தின் விடுபட்ட முனைதான். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்று வட்டங்கள் பாடத்தில் மனப்பாடம் செய்த தேற்றம், யூக்ளிடின் நூலில் மூன்றாம் பகுதியின் 31ஆம் கூற்றாக நிற்கும் அதே தேற்றம், ஆயத்தொலைப் பாடத்துக்குள் வந்து நிற்பதைப் பிள்ளைகள் கண்ணால் காண்பார்கள். இரண்டு பாடங்களையும் தனித்தனியே முடித்து மூடிவைக்கும் நம் வழக்கத்தில் இந்த உறவு தெரியாமலே போய்விடுகிறது.

இனி, இந்தக் குறை எங்கிருந்து தொடங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். விடுபட்ட முனையைக் காணும் கணக்கு முதலில் மூன்று முனைகளைக் கொடுத்து நான்காவதைக் கேட்பதாகத்தான் பிள்ளைகளுக்கு அறிமுகமாகிறது. (−3, 2), (5, 2), (5, −4) ஆகியவை மூன்று முனைகள் என்று கொள்வோம். எக்ஸ் ஆயத்தொலைவுகளில் 5 இரண்டு முறை வந்துவிட்டது, −3 ஒரு முறைதான் வந்திருக்கிறது. ஒய் ஆயத்தொலைவுகளில் 2 இரண்டு முறை வந்துவிட்டது, −4 ஒரு முறைதான். ஒற்றையாய் நிற்பவற்றைச் சேர்த்து எழுது, (−3, −4) விடை. இதைக் கற்றுத்தர ஒரு நிமிடம் போதும். கையேடுகள் இதைக் குறுக்குவழி என்று கட்டம் கட்டிப் போடுகின்றன. பக்கங்கள் அச்சுகளுக்கு இணையாக இருக்கும்வரை இது முற்றிலும் சரியான வழி. செங்குத்தான பக்கத்தின் இரு நுனிகளுக்கும் எக்ஸ் ஒன்றே. கிடையான பக்கத்தின் இரு நுனிகளுக்கும் ஒய் ஒன்றே. ஆகையால் ஒவ்வோர் எண்ணும் இருமுறை வந்தே தீர வேண்டும். இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் குறுக்குவழியில் எனக்கு மறுப்பில்லை. காரணத்தை விட்டுவிட்டு வழியை மட்டும் கொடுப்பதுதான் தீங்கு. ஏனெனில், அந்த வழி எங்கே நின்றுபோகும் என்பது காரணத்தில்தான் இருக்கிறது.

(1, 1), (5, 3), (4, 5) என்ற மூன்று முனைகளைக் கொடுத்துப் பாருங்கள். எக்ஸ் வரிசையில் 1, 5, 4, மூன்றும் ஒற்றை. ஒய் வரிசையில் 1, 3, 5, அவையும் ஒற்றை. குறுக்குவழியை மட்டும் நம்பி வந்த பிள்ளை பேனாவை வைத்துவிட்டு, 'கேள்வி தப்பு, ஐயா' என்று சொல்லும். கேள்வியில் தவறில்லை, செவ்வகம் சற்றுச் சாய்ந்து நிற்கிறது, அவ்வளவுதான். இங்கே முதலில் செய்ய வேண்டியது, செங்கோணம் எந்த முனையில் இருக்கிறது என்று காண்பது. தொலைவுகளின் வர்க்கங்களைக் கண்டால், முதல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே 20, அடுத்த இரண்டுக்கு இடையே 5, முதலுக்கும் மூன்றாவதற்கும் இடையே 25. இருபதும் ஐந்தும் சேர்ந்து இருபத்தைந்து ஆவதால் செங்கோணம் (5, 3) என்ற முனையில் இருக்கிறது. (1, 1), (4, 5) ஆகியவை எதிர் முனைகள். மூலைவிட்டங்களின் நடுப்புள்ளி ஒன்றே என்பதால், எதிர் முனைகளின் ஆயத்தொலைவுகளைக் கூட்டி, செங்கோண முனையின் ஆயத்தொலைவுகளைக் கழித்தால் நான்காவது முனை வந்துவிடும்: 1 + 4 − 5 = 0, 1 + 5 − 3 = 3. விடை (0, 3).

கூட்டிக் கழிக்கும் இந்த முறை நேராக நிற்கும் செவ்வகத்துக்கும் சாய்ந்த செவ்வகத்துக்கும் ஒன்றுபோலப் பொருந்தும். முன்பு கண்ட (−3, 2), (5, 2), (5, −4) என்ற கணக்கில் போட்டாலும் அதே (−3, −4) தான் வரும். ஆகவே இதையே பொது முறையாகக் கற்பித்து, ஒற்றையாய் நிற்கும் எண்ணைத் தேடுவதை அதன் ஒரு தனிநிலையாகக் காட்டுவது நல்லது என்பது என் கருத்து. ஆனால் இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. செங்கோணம் எங்கே என்று பாராமல் ஏதேனும் இரண்டைக் கூட்டி மூன்றாவதைக் கழித்தால், மேற்கண்ட கணக்கில் (2, −1) என்றும் (8, 7) என்றும்கூட விடை வரும். அவை இணைகரங்களின் முனைகள், செவ்வகத்துடையவை அல்ல. ஒரே நேர்க்கோட்டில் அமையாத எந்த மூன்று புள்ளிகளுக்கும் இப்படி மூன்று இணைகரங்கள் உண்டு. செவ்வகமோ, அந்த மூன்று புள்ளிகளும் செங்கோண முக்கோணமாக அமைந்தால் மட்டுமே உண்டு. (0, 0), (4, 1), (6, 5) ஆகியவற்றைக் கொடுத்து நான்காவது முனையைக் கேட்டால், சூத்திரம் (2, 4) என்று தயங்காமல் விடை தரும். வர்க்கங்கள் 17, 20, 61. எந்த இரண்டைக் கூட்டினாலும் மூன்றாவது வராது. அப்படியொரு செவ்வகமே கிடையாது. எண்களை ஏதோ மாற்றிப் போட்டுப் புதிய கணக்கு உருவாக்குபவர்கள் இந்த ஒரு சரிபார்ப்பைச் செய்யாமல் விடுவதால், இல்லாத செவ்வகத்துக்கு விடை எழுதச் சொல்லும் தாள்களும் மாணவர் கைக்கு வருகின்றன.

இத்தனைக்கும் அடிப்படையாக உள்ள செய்தி ஒன்றை வகுப்பில் யாரும் சொல்வதாகத் தெரியவில்லை. அதை இங்கே சொல்ல விரும்புகிறேன். தளத்தில் ஒரு செவ்வகத்தை ஐயத்துக்கு இடமின்றிக் குறித்துவிட எத்தனை எண்கள் தேவை? மையம் எங்கே என்பதற்கு இரண்டு எண்கள், நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதற்கு ஒன்று, ஆக ஐந்து. சாய்வே இல்லை என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் நான்கு போதும். இரு புள்ளிகளைக் கொடுத்தால் நாம் கொடுப்பது நான்கு எண்கள். எனவே எதிரெதிர் முனைகள் இரண்டு, அச்சுகளுக்கு இணையான செவ்வகத்தைத் தீர்மானிக்கச் சரியாகப் போதுமானவை. பொதுவான செவ்வகத்துக்கு ஓர் எண் குறைகிறது, அந்தக் குறைவுதான் வட்டமாகத் தெரிகிறது. மூன்று புள்ளிகளைக் கொடுத்தால் ஆறு எண்கள், தேவையைவிட ஒன்று அதிகம்; அதனால்தான் மூன்று புள்ளிகளை மனம்போன போக்கில் கொடுக்க முடியாது, அவை செங்கோண நிபந்தனைக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். வினா எழுதுபவர் எழுதி முடித்தபின் தாம் கொடுத்த விவரங்களை இப்படி எண்ணிப் பார்த்தாலே, குறைவும் மிகையும் புலப்பட்டுவிடும்.

அடுத்தடுத்த இரு முனைகளைக் கொடுக்கும் வினாக்களில் குறை வேறு வடிவத்தில் வருகிறது. (2, 1), (6, 1) ஆகியவை ஒரு பக்கத்தின் முனைகள், பரப்பு 12 சதுர அலகு என்றால், அகலம் 3. அந்த மூன்றை மேல்நோக்கி எடுத்தால் (2, 4), (6, 4). கீழ்நோக்கி எடுத்தால் (2, −2), (6, −2). இரண்டும் சரி. 'முதல் கால்பகுதியில் அமையும் செவ்வகம்' என்று வினாவில் சேர்த்தால் விடை ஒன்றாகிவிடும். சேர்க்காவிட்டால் இரண்டையும் எழுதும்படி கேட்க வேண்டும். இரண்டாவது வழியே சிறந்தது என்பேன், இரண்டு விடை இருக்கக்கூடும் என்ற எண்ணமே பிள்ளைகளுக்கு வருவதில்லை என்பதால்.

'பள்ளிக் கணக்குக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு, சாய்ந்த செவ்வகத்தை யார் எங்கே பார்க்கப்போகிறார்கள்' என்று கேட்பவர்களுக்கு, வீடு கட்டத் தொடங்கும் எந்த மனையையும் போய்ப் பார்க்கச் சொல்வேன். மனை தெருவைப் பார்த்து இருக்கிறது, தெரு வாய்க்காலோடும் வரப்போடும் வளைந்து வந்திருக்கிறது. திசைகளோடு அது பொருந்தி நிற்பது அரிது. கொத்தனார் தெருவோரத்தில் இரு முளைகளை அடித்து நூல் கட்டி, அந்த நூலிலிருந்துதான் மற்ற இரு மூலைகளையும் காண்கிறார். அவருக்குக் கிடைத்திருப்பது அடுத்தடுத்த இரு முனைகளும் ஒரு நீளமும். அவர் தேடுவது மீதி இரு முனைகள். நூலில் 3 அடி, குறுக்கே 4 அடி குறித்து, இடைவெளி 5 அடி இருக்கிறதா என்று பார்த்து மூலையை மட்டப்படுத்துகிறார். நான்கு முளைகளும் அடித்தபின் இரு குறுக்களவுகளையும் நாடா பிடித்துச் சரிபார்க்காமல் கடைக்காலுக்கு மண்வெட்டி போட விடமாட்டார். முப்பதுக்கு நாற்பது என்று வைத்துக்கொண்டால், இரு குறுக்களவும் 50 அடி வர வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்தும் மூலை சற்றே விலகியிருந்தால், ஒரு குறுக்களவு 51 அடி வரும்போது மற்றது 49 அடிக்குச் சற்றுக் குறைவாக வரும். பக்கங்களை மட்டும் அளந்தவருக்கு அது தெரியவே தெரியாது. மூலைவிட்டங்கள் சமமாக உள்ள இணைகரமே செவ்வகம் என்ற தேற்றத்தை அவர் அன்றாடம் கையாள்கிறார். வேள்விமேடை அமைக்கும் அளவுமுறைகளைச் சொல்லும் பழைய வடமொழி நூல்களான சுல்ப சூத்திரங்களில், இந்த 3, 4, 5 அளவுக்கு அடிப்படையான வர்க்கங்களின் தேற்றத்தைப் பௌதாயனர் சொன்னதும், முக்கோணத்தின் பக்கங்களை வைத்து அன்று, நீள்சதுரத்தின் குறுக்கே பிடிக்கும் கயிற்றை வைத்துத்தான்.

நேர்மாறான எடுத்துக்காட்டு நம் கைப்பேசியிலேயே இருக்கிறது. நிழற்படத்தில் தேவையான பகுதியை மட்டும் வெட்டி எடுக்க, ஒரு மூலையில் விரலை வைத்து எதிர் மூலைக்கு இழுக்கிறோம். மற்ற இரு மூலைகளையும் கருவி தானே கண்டுகொள்கிறது. இரு முனைகள் அங்கே போதுமாக இருப்பதற்குக் காரணம், அந்தச் செவ்வகத்தின் பக்கங்கள் திரையின் விளிம்புகளுக்கு இணையானவை என்ற விதி நிரலிலேயே எழுதப்பட்டிருப்பதுதான். சாய்ந்த செவ்வகத்தைக் குறிக்க வேண்டுமானால் சுழற்சிக் கோணத்தையோ மூன்றாவது முனையையோ நிரலுக்குத் தனியே கொடுத்தாக வேண்டும். ஊகித்துக்கொள்ளும் உரிமை கணினிக்குக் கிடையாது. மாணவரிடம் மட்டும் நாம் ஊகத்தை எதிர்பார்க்கிறோம். ஊகிக்காதவருக்கு மதிப்பெண்ணைக் குறைக்கிறோம்.

ஆய அச்சுகள் என்பவை நாம் நம் வசதிக்காகப் போட்டுக்கொண்டவை. ஆயத்தொலை வடிவியலுக்கு வழிவகுத்தவரான டெக்கார்ட் 1637இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட வடிவியல் நூலில்கூட, இன்று நாம் கரும்பலகையில் வரையும் நிலையான இரு செங்குத்து அச்சுகள் கிடையாது. கணக்குக்கு ஏற்ற ஒரு கோட்டை எடுத்துக்கொண்டு அதிலிருந்து அளப்பதே அவர் வழக்கம். செவ்வகத்தின் தன்மைகள் செவ்வகத்துக்கு உரியவை. அச்சு எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் அவை மாறுவதில்லை. அச்சுக்கு இணையாகவே செவ்வகத்தைப் பார்த்துப் பழகிய பிள்ளை, சாய்ந்த சதுரத்தைக் காட்டினால் 'சாய்சதுரம்' என்று மட்டும் சொல்லி நின்றுவிடுவதை வகுப்பறையில் எந்தக் கணித ஆசிரியரும் கண்டிருப்பார். அந்தப் பழக்கத்தைத்தான் இத்தகைய வினாக்கள் உறுதிப்படுத்துகின்றன.

தொடக்க நிலையில் அச்சுக்கு இணையான வடிவங்களோடு நிறுத்திக்கொள்வதில் தவறேதும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் 2010இல் வெளியிடப்பட்டுப் பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட பொதுப் பாடத்தரம், ஆறாம் வகுப்பில் பலகோணங்களை ஆயத்தளத்தில் வரையச் சொல்லும்போது, பக்க நீளம் காண்பதை எக்ஸ் அல்லது ஒய் ஆயத்தொலைவு ஒன்றாக உள்ள புள்ளிகளுக்கு மட்டும் என்று வெளிப்படையாகவே வரையறுக்கிறது. எல்லை வகுத்தால் அதை எழுத்தில் வகுக்க வேண்டும் என்பதே என் வாதமும். நம் ஒன்பதாம் வகுப்பிலோ தொலைவுச் சூத்திரமும் நடுப்புள்ளிச் சூத்திரமும் பாடத்திலேயே இருக்கின்றன. சாய்ந்த செவ்வகத்தைக் கையாள வேண்டிய கருவிகள் அனைத்தும் பிள்ளைகள் கையில் கொடுக்கப்பட்டுவிட்டன. பத்தாம் வகுப்பில் சாய்வு வந்துவிட்டால், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு கோடுகளின் சாய்வுகளின் பெருக்கற்பலன் −1 என்ற வழியும் சேர்ந்துகொள்கிறது. கருவியைக் கொடுத்துவிட்டு, அது தேவைப்படாத கணக்குகளை மட்டுமே கொடுப்பதால், சூத்திரங்கள் ஒரு தேர்வோடு மறந்துபோகின்றன.

வரைபடத்தாளைப் பற்றியும் ஒரு சொல். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபட வினாவுக்கு எட்டு மதிப்பெண் உண்டு என்பதால், அந்த ஆண்டில் மட்டும் வரைபடத்தாள் கட்டுக்கட்டாகச் செலவாகிறது. ஆயத்தொலைவுகளை முதன்முதலாகச் சந்திக்கும் வகுப்புகளில் அது அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. விடுபட்ட முனையைக் கேட்கும் எந்தக் கணக்கையும் முதலில் தாளில் குறித்துப் பார்த்து, முனை ஏறத்தாழ எங்கே வரும் என்று சொல்லிவிட்டு, அதன் பிறகே எண்களால் காண வேண்டும் என்று ஆசிரியர்கள் வற்புறுத்தினால், மேலே சொன்ன பிழைகளில் பெரும்பாலானவை தாமே நீங்கிவிடும். (0, 0), (4, 1), (6, 5) என்ற மூன்றையும் தாளில் குறித்த பிள்ளை, மூலைமட்டத்தை வைக்கும் முன்பே 'இது செவ்வகமாக வராதே' என்று சொல்லிவிடும்.

தங்களிடம் நான் வேண்டுவன சில. சென்ற வார வினாவுக்குத் திருத்தம் வெளியிடும்போது, 'பக்கங்கள் ஆய அச்சுகளுக்கு இணையானவை என்று கொள்க' என்பதைச் சேர்ப்பதோடு நிறுத்தாமல், அந்த நிபந்தனை இல்லாதபோது கிடைக்கும் மற்ற விடைகளில் ஒன்றையாவது படத்தோடு வெளியிட வேண்டுகிறேன். (8, 2), (0, 8) என்ற சதுரம் அதற்குப் பொருத்தமானது. மாணவர் பக்கத்துக்கு வினாக்கள் எழுதித்தரும் ஆசிரியர்கள் ஒவ்வொரு வினாவோடும், தரப்பட்ட விவரங்களுக்கு விடை ஒன்றுதானா என்பதைச் சரிபார்த்த குறிப்பையும் சேர்த்து அனுப்பும்படி தாங்கள் கேட்டுக்கொள்ளலாம். கையேடு வெளியிடுவோரும், பள்ளி அளவில் வினாத்தாள் தயாரிப்போரும் இக்கடிதத்தைக் காண நேர்ந்தால், விடைக்குறிப்பில் 'நிபந்தனைகளை நிறைவு செய்யும் பிற விடைகளுக்கும் முழு மதிப்பெண்' என்ற ஒரு வரியைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அரையாண்டுத் தேர்வு நெருங்கும் நேரம் இது என்பதால், திருத்தம் வரும் வாரத்து மாணவர் பக்கத்திலேயே இடம்பெற ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.